படிகமற்ற இரும்புத் துகளில் சோக் கோர் செய்வது: ரிப்பனிலிருந்து வளையம் வரை

சூரிய மின் இன்வெர்ட்டரையோ பெரிய எஸ்எம்பிஎஸ் மின்வழங்கியையோ திறந்தால் தடித்த செம்புக் கம்பி சுற்றிய வளையம் ஒன்று கண்ணில் படும். சோக் என்று கேட்டால் கடையில் தருவது மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அடக்கும் இந்தச் சுருளைத்தான். கம்பிக்குள் மறைந்திருக்கும் கோர் (காந்த உள்ளகம்) பெரும்பாலும் துகளை அழுத்திச் செய்ததாக இருக்கும். இரும்பு, சென்டஸ்ட் (இரும்பு-சிலிக்கன்-அலுமினியம்), இரும்பு-நிக்கல் என்று அதில் பல வகை உண்டு. இங்கே பார்க்கப்போவது படிகமற்ற உலோகத் துகள் கோர். அளவு: வெளிவிட்டம் 20 மி.மீ., உள்விட்டம் 12 மி.மீ., உயரம் 6 மி.மீ. இலக்கு: உட்புகுதிறன் (காந்தப் பாயம் காற்றைவிட எத்தனை மடங்கு எளிதாகச் செல்லும் என்ற எண்) 60, அதாவது வியாபாரத்தில் சொல்லும் "மியூ 60". ஆய்வகத்திலோ சிறு பட்டறையிலோ 50 டன் ஹைட்ராலிக் பிரஸ் ஒன்று இருந்தால் இந்த அளவு கைக்கு அடங்கும்.

உருகிய உலோகக் கலவையை வேகமாகச் சுழலும் செம்புச் சக்கரத்தின் மேல் பீய்ச்சினால், நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற கணக்கில் அது குளிர்ந்துவிடும். அணுக்கள் வரிசைக்கு வர நேரமே இருக்காது. கிடைப்பது 25 மைக்ரான் தடிப்புள்ள ரிப்பன். உள்ளே கண்ணாடியைப் போன்ற அடுக்கற்ற அமைப்பு. இதேபோல் மிக வேகமாகக் குளிரவைத்து 1960-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் போல் டூவெஸ் குழுவினர் தங்கம்-சிலிக்கன் கலவையைப் படிகமற்றதாக்கினார்கள். 1967-இல் இரும்பு-பாஸ்பரஸ்-கார்பன் கலவையில் காந்தத் தன்மையும் கிடைத்தது. இன்று அதிகம் புழங்குவது இரும்பு 78, சிலிக்கன் 9, போரான் 13 என்ற அணு விகிதக் கலவை. எடைக் கணக்கில் இரும்பு 91.7, சிலிக்கன் 5.3, போரான் 3 சதவீதம். தெவிட்டுக் காந்தப்புலம், அதாவது ஏற்கக்கூடிய உச்சக் காந்தமேற்றம், 1.56 டெஸ்லா. மின்தடை எண் சுமார் 130 மைக்ரோ ஓம்-செ.மீ., தூய இரும்பைப்போல ஏறக்குறைய 13 மடங்கு. அடர்த்தி கன செ.மீ.க்கு 7.18 கிராம்.

இவ்வளவு நல்ல பொருளுக்கு மூன்று கெட்ட குணங்கள் உண்டு. செய்முறை முழுவதும் இந்த மூன்றோடு நடக்கும் பேரம்தான்.

முதலாவது, இது நசுங்காது. விக்கர்ஸ் கடினம் 900 அளவில் நிற்கும். சாதாரண இரும்புத் துகளை அழுத்தினால் அது தட்டையாகி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இதை அழுத்துவது உடைந்த கண்ணாடியை அழுத்துவதற்குச் சமம்: இடம் மாறும், உடையும், ஒட்டாது. இரண்டாவது, காந்தமேற்றும்போது இதன் நீளம் பத்து லட்சத்தில் 27 பங்கு மாறும். அதனால் உள்ளே தகைவு (இறுக்கம்) நின்றால் காந்தக் குணம் உடனே கெடும். மூன்றாவது, சுமார் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் படிகமாகிவிடும். அப்படி ஆனதை மறுபடி உருக்காமல் திருப்ப முடியாது. ஆக, அழுத்தாமல் கோர் இல்லை. அழுத்தினால் தகைவு வரும். தகைவு போக வெப்பம் வேண்டும். வெப்பம் மிஞ்சினால் பொருளே போச்சு.

எந்தத் துகள்?

துகள் இரண்டு வழியில் கிடைக்கும். ஒன்று, ரிப்பனை நொறுக்கி எடுக்கும் தட்டைச் செதில். மற்றொன்று, உருகிய உலோகத்தை நீர்த்தாரையால் சிதறடித்து எடுக்கும் உருண்டைத் துகள். இரண்டாவது வகையில் குரோமியமும் கார்பனும் சேர்த்திருப்பார்கள். குரோமியம் துருவைத் தடுக்கும். உருண்டைத் துகளில் கூர்முனை இல்லாததால் பூச்சு கிழியாது. ஆனால் மியூ குறைவாகவே வரும். மடிக்கணினிப் பலகையில் இருக்கும் சின்னஞ்சிறு வார்ப்பு இண்டக்டர்களுக்கு அது பொருத்தம். நமக்கு மியூ 60 வேண்டும் என்பதால் செதில்தான்.

செதிலுக்கு இன்னொரு சாதகம் உண்டு. டையில் (அழுத்தும் அச்சில்) கொட்டி மேலிருந்து அழுத்தும்போது செதில்கள் படுத்த நிலையில் அடுக்கப்படும். வளையத்தில் காந்தப் பாயம் வட்டமாக, அதாவது செதிலின் தளத்திலேயே ஓடும். வெப்பமாக வீணாகும் சுழல் மின்னோட்டத்துக்குக் கிடைக்கும் தடிப்பு 25 மைக்ரான் மட்டுமே. சிறிய உயரமுள்ள வளையத்துக்கு இது தானாக வாய்க்கும் வசதி. ஈ வடிவக் கோரில் பாயம் திசை மாறும் இடங்களில் இது கைகொடுக்காது. அதனால் முதல் முயற்சிக்கு வளையமே நல்லது.

ரிப்பனுக்கு டிரான்ஸ்ஃபார்மர் கோர் வெட்டும் இடங்களில் விழும் துண்டுகள் போதும். எண்ணெய் பட்டதையும் விளிம்பில் பிசின் ஒட்டியதையும் தள்ளிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் அசிட்டோனில் அலசி உலர்த்துங்கள். எண்ணெய் ஒட்டிய செதிலில் பின்னால் போடும் பாஸ்பேட் பூச்சு பிடிக்காது. அளக்கும்போதுதான் அது தெரியவரும், அதற்குள் ஒரு வாரம் போயிருக்கும்.

நொறுங்க வைத்தல்

வார்த்த நிலையில் ரிப்பன் எஃகைவிட முரடு. 180 டிகிரி மடித்தாலும் உடையாது. அப்படியே மில்லில் போட்டால் கசங்கிப் பந்தாகும். 340 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தால் அணுக்களுக்கிடையே இருக்கும் வெற்றிடம் சுருங்கி, ரிப்பன் அப்பளம்போல நொறுங்கத் தொடங்கும். சோதனை எளிது: ஆறிய துண்டை விரலால் மடியுங்கள். 'டக்' என்று உடைந்தால் ஆயிற்று. வளைந்து நின்றால் இன்னும் அரை மணி.

தட்டில் 2 செ.மீ. உயரத்துக்கு மேல் குவிக்க வேண்டாம். படிகமாவது வெப்பத்தை வெளிவிடும் நிகழ்வு. உலை தவறிப்போய் வெப்பம் மிஞ்சினால், குவியலின் நடுவில் ஒரு மூலையில் தொடங்கிய படிகமாதல் தன் வெப்பத்தாலேயே குவியல் முழுக்கப் பரவிவிடும். காற்றிலேயே சூடாக்கலாம். மேல்பரப்பு லேசாகப் பழுப்பேறினால் கவலை இல்லை. நீலம் அடர்ந்து கருத்தால் வெப்பம் மிஞ்சியிருக்கிறது என்று பொருள்; அந்தத் தட்டைத் தனியே வையுங்கள்.

அரைத்தலும் சலித்தலும்

பிரஸ்ஸில் பணத்தைக் கொட்டிவிட்டுச் சல்லடையில் மிச்சம் பிடிப்பவர்கள் அதிகம். தலைகீழான கணக்கு அது. கோரின் தரம் பாதிக்கு மேல் இங்கேயே முடிவாகிறது.

முதலில் ரிப்பனைக் கையால் நொறுக்கி, வெட்டும் மில்லில் 1 மி.மீ.க்குக் கீழே கொண்டுவாருங்கள். அடுத்து பால் மில் (குண்டுகளால் அரைக்கும் சுழல் ஜாடி): எஃகுக் குண்டு 10 பங்கு, துகள் 1 பங்கு. 15 நிமிடம் ஓட்டி 10 நிமிடம் ஓய்வு கொடுங்கள். மொத்தம் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு சலித்து, நிற்பதை மட்டும் மறுபடி போடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக நாலு மணி நேரம் ஓட்டினால் ஏற்கெனவே நுணுகியது மாவாகும், ஜாடி சூடேறும், குண்டிலிருந்து தேய்ந்த எஃகும் கலக்கும். அந்த எஃகைக் காந்தத்தால் பிரிக்கலாமே என்று தோன்றும். எதிரே இருப்பதும் காந்தத்தில் ஒட்டும் துகள்தான், பிரிக்க முடியாது.

கடைசியாகத் துகளின் முனைகளை மழுக்க வேண்டும். 3 மி.மீ. குண்டுகளோடு ஜாடியை மெதுவாக ஒரு மணி நேரம் உருட்டுங்கள். குண்டு உயரத்திலிருந்து விழக்கூடாது, உருண்டால் போதும். இதைத் தவிர்த்தால் செதிலின் கத்திமுனை அழுத்தும்போது பக்கத்துச் செதிலின் பூச்சைக் கிழிக்கும். பூச்சை எவ்வளவு தடிப்பாகப் போட்டாலும் இதை ஈடுகட்ட முடியாது.

மில்லைத் திறக்கும்போது கவனம். மூடிய ஜாடிக்குள் புதிதாக உடைந்த நுண்துகள் ஆக்சிஜன் இல்லாமல் கிடந்திருக்கும். சட்டென்று காற்றுப் பட்டால் பற்றிக்கொள்ளலாம். ஜாடியை ஆறவிட்டு, மூடியைக் கொஞ்சமாகத் தளர்த்தி, சில நிமிடம் பொறுத்துத் திறங்கள். பக்கத்தில் உலர் மணல் இருக்கட்டும், தண்ணீர் வேண்டாம். மூக்குக்கு என்95 முகக்கவசம் அவசியம்.

சல்லடை வரிசை: 100 மெஷ் (150 மைக்ரான்), 140 மெஷ் (106), 200 மெஷ் (75), 325 மெஷ் (45). 200 கிராம் கலவைக்குத் தொடக்க அளவு இது:

106 முதல் 150 மைக்ரான் வரை 60 கிராம்,
75 முதல் 106 வரை 100 கிராம்,
45 முதல் 75 வரை 40 கிராம்.

பெரியது மியூவைத் தருகிறது, சிறியது இடைவெளியை நிரப்புகிறது. 45 மைக்ரானுக்குக் கீழே போனதைச் சேர்க்க வேண்டாம். அது அதிகம் அடிபட்ட துகள். அதன் காந்த நீக்குத்திறன், அதாவது காந்தத்தை மாற்றுவதற்கான எதிர்ப்பு, கூடுதல். மேல்பரப்பு அதிகம் என்பதால் பூச்சுப் பொருளையும் அதுவே விழுங்கிவிடும். செதிலைச் சலிக்கும்போது நீளமானது நிமிர்ந்து ஓட்டையில் நழுவிப்போகும். அதனால் 20 நிமிடத்துக்கு மேல் சலிப்பது அளவைத் துல்லியமாக்காது, கலக்கவே செய்யும்.

பூச்சு: இரண்டு அடுக்கு

ஒவ்வொரு துகளும் பக்கத்துத் துகளோடு மின்சாரத் தொடர்பு இல்லாமல் இருக்க வேண்டும். அதே நேரம் பூச்சு தடித்தால் மியூ விழும். முதல் அடுக்கு பாஸ்பேட், இரண்டாவது சிலிகோன் பிசின். எப்பாக்சியைப் பிசினாகப் போடலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். 300 டிகிரியிலேயே அது சிதைந்து கரியாகும். நமக்கோ 430 டிகிரி வரை போக வேண்டும். கரி மின்சாரத்தைக் கடத்தும். எப்பாக்சிக்குக் கடைசியில் வேறு வேலை இருக்கிறது.

பாஸ்பேட்டுக்கு 80 மி.லி. எத்தனாலில் 85 சதவீத பாஸ்பாரிக் அமிலம் 1.2 கிராமைக் கலந்து, 200 கிராம் துகளில் ஊற்றிக் கிளறுங்கள். இது துகள் எடையில் அரை சதவீத அமிலம். 40 டிகிரி வெதுவெதுப்பில் அரை மணி நேரம் விடாமல் கிளற வேண்டும். நின்றால் அடியில் கட்டி தட்டும். ஃப்யூம் ஹூடுக்குள் (ஆவியை உறிஞ்சும் கூண்டு), திறந்த பாத்திரத்தில் செய்யுங்கள். இரும்பும் அமிலமும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வரும் என்பதால் மூடி போடவே கூடாது. எத்தனால் வாடை முழுதும் போன பிறகு மட்டும் 100 டிகிரி உலர்த்தும் அடுப்பில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஈரத்தோடு அடுப்பில் வைத்தால் எத்தனால் ஆவி தீப்பிடிக்கும்.

துகள் பளபளப்பு இழந்து மங்கிய சாம்பல் நிறத்துக்கு வர வேண்டும். வெள்ளைப் பொருக்குத் தெரிந்தால் அமிலம் அதிகம். எத்தனாலில் ஒரு முறை அலசி உலர்த்துங்கள். ஒரு சிறு சோதனையும் செய்யலாம். பிளாஸ்டிக் குழாயில் ஒரு கிராம் துகளைப் போட்டு, இரு பக்கமும் பித்தளைக் கம்பியால் அழுத்தி மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். பூசாத துகளையும் அதே மாதிரி பாருங்கள். பூசியது பல மடங்கு அதிகம் காட்ட வேண்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் பூச்சு பிடிக்கவில்லை. எண்ணெய் ஒட்டிய ரிப்பனைப் பற்றி முன்னால் சொன்னது இங்கேதான் பழிவாங்கும்.

பிசினுக்கு மெத்தில்-ஃபினைல் சிலிகோன் ரெசின். அது பெரும்பாலும் கரைசலாகவே விற்பனைக்கு வரும். 50 சதவீதக் கரைசல் என்றால் 8 கிராம் எடுங்கள். திடப்பொருள் 4 கிராம், அதாவது 2 சதவீதம். 40 மி.லி. டொலுயினில் மெலிதாக்கித் துகளோடு கலந்து, ஹூடுக்குள் கிளறிக்கொண்டே உலர விடுங்கள். ஈர மணல் பதத்துக்கு வரும்போது 40 மெஷ் சல்லடையில் தேய்த்து இறக்கினால் குருணையாகும். செதில் தனியாக இருந்தால் டைக்குள் சரியாக ஓடாது, குருணை ஓடும். பிறகு 80 டிகிரியில் உலர்த்துங்கள், அதற்கு மேல் வேண்டாம். பிசின் இப்போதே இறுகிவிட்டால் அழுத்தும்போது ஒட்டாது.

ஆறிய குருணையில் 0.8 கிராம் ஜிங்க் ஸ்டியரேட் சேர்த்து ஜாடியில் பத்து நிமிடம் உருட்டுங்கள். கூடுதலாகப் போட்டால் டையிலிருந்து சுலபமாக வெளியே வரும் என்பது உண்மைதான். ஆனால் அது எரிந்து போன இடம் ஓட்டையாகும், சூடாக்காத பச்சை வளையம் உதிரும்.

விலை குறைவு என்று சோடியம் சிலிக்கேட்டைச் சிலர் பயன்படுத்துவார்கள். அது வெப்பம் தாங்கும், ஆனால் ஈரத்தை உறிஞ்சும். கடலோர ஊர்களில் செய்பவர்கள் யோசித்துத் தொடுவது நல்லது.

அழுத்துதல்

வளையத்தின் முகப் பரப்பு 201 சதுர மி.மீ. தேவையான அழுத்தம் 1.8 கிகா பாஸ்கல். பெருக்கினால் 362 கிலோ நியூட்டன், ஏறக்குறைய 37 டன். சென்டஸ்ட் கோருக்கும் இதையொட்டிய அழுத்தம் உண்டு. சாதாரண இரும்புத் துகளுக்கு இதில் பாதி போதும். 1.2 கிகா பாஸ்கலோடு நிறுத்தினாலும் வளையம் உருவாகும், கையில் எடுக்கவும் வரும். ஆனால் மியூ 60-ஐ எட்டாது.

இந்த அழுத்தத்தில் டையை மலிவாகச் செய்யக் கூடாது. உள்சுவர் டங்ஸ்டன் கார்பைடு, அதைச் சுற்றி இறுக்கிய எஃகு வளையம். மேலிருந்து அழுத்தும் தண்டான பஞ்ச்சுக்கு டி2 எஃகு தாங்கும் எல்லைக்கு மிக அருகில் வேலை நடக்கிறது. எம்2 வகை ஹைஸ்பீடு எஃகு பாதுகாப்பானது. பஞ்ச்சுக்கும் சுவருக்கும் பக்கத்துக்கு 10 முதல் 15 மைக்ரான் இடைவெளி. அதிகமானால் நுண்துகள் புகுந்து பஞ்ச் சிக்கும். பிரஸ்ஸைச் சுற்றித் தடுப்பு கட்டாயம் வேண்டும். கடினப்படுத்திய பஞ்ச் விரிசல் விட்டால் துண்டு குண்டுபோலப் பறக்கும்.

ஒரு வளையத்துக்கு 6.9 கிராம் எடைபோடுங்கள். கன அளவு 1.21 கன செ.மீ.; அழுத்திய அடர்த்தி 5.7 என்பதே இலக்கு. உலோகத்தின் 7.18-ஓடு ஒப்பிட்டால் 79 சதவீதம். இதைப் பார்த்து ஏமாற வேண்டாம், இந்தப் பொருளுக்கு இது நல்ல அடர்த்தி. 200 கிராமுக்கு 28 வளையம் வரை வரும். அதில் நாலைந்து பிரஸ்ஸைப் பழக்கவே போகும்.

நிரப்பும் ஆழம் குறைந்தது 15 மி.மீ. இருக்கட்டும். நடு ராடைச் சுற்றி 4 மி.மீ. அகல வாய்க்கால்தான் இருப்பதால் குருணை ஒரு பக்கம் குவியும். நாலு இடத்தில் கொட்டி, டையை லேசாகத் தட்டி, ஊசியால் சமப்படுத்துங்கள். சமமாக நிரம்பாத வளையத்தின் உயரத்தை நாலு இடத்தில் அளந்தால் வித்தியாசம் உடனே தெரியும். சுவருக்கு எத்தனாலில் கலக்கிய ஜிங்க் ஸ்டியரேட்டைப் பருத்திப் பஞ்சால் தடவி உலரவிடுங்கள்.

10 டன் வரை சாதாரண வேகம். அங்கே சில நொடி நிறுத்தினால் சிக்கிய காற்று வெளியேறும். பிறகு மெதுவாக 37 டன். பத்து நொடி பிடித்து மெதுவாக இறக்குங்கள். வெளியே தள்ளும்போது மேல் பஞ்ச்சில் சிறிது அழுத்தம் இருந்துகொண்டே இருக்க வேண்டும். நசுங்காத துகள் வில்போலச் சுருங்கி நிற்கிறது. டையின் வாயைத் தாண்டியதும் சில பத்து மைக்ரான் விரியும். பாதி வெளியே, பாதி உள்ளே என்ற நிலையில் விரிந்தால் குறுக்காக அடுக்கு விரிசல் விழும். டை வாயில் மெல்லிய சரிவு இருந்தால் இது வெகுவாகக் குறையும். சரிவு இருந்தும் மூடிபோல மேல் தட்டு கழன்று வருகிறதா? அழுத்தம் கூடிவிட்டது, அல்லது காற்று வெளியேறவில்லை. விரிசலைப் பார்த்ததும் பிசினைக் கூட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. விரிசல் போகலாம், மியூவும் சேர்ந்து போகும்.

அனீலிங்

அழுத்தி எடுத்த வளையத்தில் தகைவு நிறைந்திருக்கும். இழப்பு, அதாவது கோரில் வெப்பமாக வீணாகும் சக்தி, இருக்க வேண்டியதைப்போலப் பல மடங்கு. இதைச் சூடாக்கிப் போக்குவதே அனீலிங். அந்த வெப்பநிலைக்கு மேலும் கீழும் அதிக இடமில்லை. 380-இல் தகைவு முழுதும் போகாது. 480-இல் நுண்படிகம் தொடங்கிவிடும். வேகமாகச் சூடாக்கி அளக்கும் கருவியில் படிகமாதல் 500-க்கு மேல் என்று காட்டினாலும், ஒரே வெப்பத்தில் ஒரு மணி நேரம் நின்றால் அது கீழேயே தொடங்கும். அட்டவணை எண்ணை நம்பி 490 வைத்தவர்கள் கையில் இருப்பது கோர் அல்ல, காந்தத் தன்மையுள்ள ஓடு.

செய்முறை: நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 300 வரை, காற்றோட்டத்தில். அங்கே 30 நிமிடம். ஸ்டியரேட் எரிந்து வெளியேறட்டும். மூடிய நைட்ரஜனில் இதைச் செய்தால் கரி உள்ளேயே தங்கும். பிறகு நைட்ரஜனுக்கு மாறி நிமிடத்துக்கு 3 டிகிரி வீதம் 430. அங்கே 45 நிமிடம். நைட்ரஜனை நிறுத்தாமல் உலையோடு 150-க்குக் கீழே ஆறவிடுங்கள். வெப்பமானியின் முனை வளையத்தைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். உலைச் சுவரில் இருக்கும் அளவி 20 டிகிரி பொய் சொன்னால், இந்த வேலையில் அது முழுத் தோல்வி.

430 என்பது தொடக்கம் மட்டுமே. உங்கள் ரிப்பன், உங்கள் உலை இரண்டுக்குமான எண்ணை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். 380, 400, 420, 440, 460, 480 ஆகிய ஆறு வெப்பநிலையில் இரண்டிரண்டு வளையம் போட்டு இழப்பை அளந்து வரையுங்கள். பள்ளத்தாக்குபோல இறங்கி, அடிமட்டத்துக்குப் பிறகு திடீரென ஏறும். அடிமட்டத்திலேயே உட்காராமல் 10 டிகிரி கீழே வேலை செய்யுங்கள். ஏறும் பக்கம் செங்குத்து, இறங்கும் பக்கம் சரிவு. எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல் கருவி கிடைத்தால் செம்புக் கதிரில் 65 டிகிரியில் கூர் முகடு வருகிறதா என்று பாருங்கள். இரும்புப் படிகத்தின் பெரிய முகடு 44.7 டிகிரியில் வரும் என்றாலும், படிகமற்ற பொருளின் அகன்ற மேடும் அங்கேயே இருப்பதால் தொடக்கத்தில் அதற்குள் மறைந்துவிடும்.

அனீலிங் முடிந்த வளையம் ரஸ்க்குபோல இருக்கும், தவறவிட்டால் போச்சு. விளிம்பை மெல்லிய உப்புத்தாளில் மழுக்கி, எப்பாக்சிப் பவுடர் பூச்சை 0.3 மி.மீ. அளவுக்குக் கொடுங்கள். எப்பாக்சி இறுகும்போது சுருங்கி வளையத்தை நெரிக்கும், இழப்பு சற்று ஏறும். எனவே பூச்சுக்கு முன்னும் பின்னும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஏற்றம் அதிகமாக இருந்தால் மிருதுவான பிசினுக்கு மாறுங்கள், அல்லது பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள்.

அளந்து பார்த்தல்

பூச்சுக்கு முன்னாலேயே ஒரு எளிய சோதனை: வளையத்தின் முகத்தில் இரண்டு இடத்தில் மல்டிமீட்டர் முனையை வையுங்கள். ஒற்றை இலக்க ஓம் காட்டினால் காப்பு அழிந்துவிட்டது, மேற்கொண்டு அளக்கத் தேவையில்லை.

மியூவுக்கு 20 சுற்றுப் போடுங்கள். காந்தப் பாதையின் நீளம் 50.3 மி.மீ., குறுக்குப் பரப்பு 24 சதுர மி.மீ. மியூ 60 என்றால் தூண்டலை அளக்கும் எல்சிஆர் மீட்டர் 14.4 மைக்ரோ ஹென்றி காட்ட வேண்டும். சுற்றும் அளவும் மாறாதவரை நேர் விகிதம்தான்: 12 காட்டினால் மியூ 50. நேர்மின்னோட்டத் தாங்குதிறனுக்கு அதே 20 சுற்றில் 20 ஆம்பியர் செலுத்துங்கள். அது 100 ஓயர்ஸ்டெட் காந்தப்புலம். அப்போது தூண்டல் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். மியூ 60 சென்டஸ்ட் இந்த இடத்தில் பாதிக்குக் கீழே இறங்கிவிடும். நம் கோர் பாதிக்கு நன்றாக மேலே நிற்க வேண்டும். படிகமற்ற துகளுக்கு மெனக்கெடுவதே இதற்காகத்தான்.

இழப்பை அளப்பதுதான் வம்பு. 50 கிலோஹெர்ட்ஸ், 0.1 டெஸ்லாவுக்கு 20 சுற்றில் 10.7 வோல்ட், 2.4 ஆம்பியர் வேண்டும்; ஏறக்குறைய 25 வோல்ட்-ஆம்பியர். கோரின் இழப்பு கன மீட்டருக்கு 500 கிலோவாட் என்று வைத்தால் இந்த வளையத்தில் அது வெறும் 0.6 வாட். அலைக்காட்டியில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால், மின்னோட்ட முனையில் ஒரு டிகிரி கட்டப் பிழை (வோல்ட்டுக்கும் ஆம்பியருக்கும் இடையிலான கோணப் பிழை) இருந்தாலே 0.44 வாட் தவறு வரும். அளவே பிழைக்குள் மூழ்கிவிடுகிறது. தனி இரண்டாம் சுற்றில் வோல்ட் எடுப்பது முதல் திருத்தம். கம்பியின் சூடு கணக்கில் சேராது. அடுத்தது, முதல் சுற்றோடு தொடராக 0.7 மைக்ரோ ஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் போட்டு, அதன் வோல்ட்டால் இரண்டாம் சுற்றின் வோல்ட்டை அடிபட வைப்பது. மிஞ்சும் வோல்ட் மின்னோட்டத்தோடு ஒரே கட்டத்தில் வருவதால் சிறு கட்டப் பிழை தொந்தரவு செய்யாது.

அளந்ததை எண்ணாக மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரே 0.1 டெஸ்லாவில் 20, 50, 100 கிலோஹெர்ட்ஸ் மூன்றிலும் அளந்து, இழப்பை அதிர்வெண்ணால் வகுத்து அதிர்வெண்ணுக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு ஒன்று வரும். கோடு செங்குத்து அச்சை வெட்டும் உயரம் காந்தத் தயக்க இழப்பு; கோட்டின் சாய்வு சுழல் மின்னோட்ட இழப்பு.

உயரம் மட்டும் அதிகமா? தகைவு போகவில்லை, அல்லது படிகமாகிவிட்டது. இரண்டையும் பிரிக்க அந்த வளையத்தையே 10 டிகிரி கூட்டி மறுபடி அனீல் செய்யுங்கள்: இறங்கினால் தகைவு, ஏறினால் படிகம். சாய்வு அதிகம் என்றால் காப்பு கிழிந்திருக்கிறது. முதல் சந்தேகம் மழுக்காத முனை, அடுத்தது எண்ணெய் ரிப்பன், அதற்கடுத்தது கரி. இரண்டும் சரியாக இருந்து மியூ மட்டும் 45-ல் நிற்கிறதா? வளையத்தை எடைபோட்டு அடர்த்தியைப் பாருங்கள். அடர்த்தி 5.7 இருந்தும் மியூ குறைந்தால் பிசின் அதிகம் அல்லது நுண்துகள் அதிகம், அடர்த்தியே 5.4 என்றால் பிரஸ்ஸின் அளவி சொல்லும் டன்னைச் சோதிக்க வேண்டும். ஒரே தொகுதியில் சில வளையம் நன்றாகவும் சில மோசமாகவும் இருந்தால் பெரும்பாலும் உலைத் தட்டின் ஓரத்துக்கும் நடுவுக்கும் வெப்ப வித்தியாசம்தான். வளையங்களில் பென்சிலால் இட எண் போட்டு வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். போடாதவர்கள் அடுத்த தொகுதி வரை காத்திருக்க வேண்டியதுதான்.